கார்புரேட்டர் கோளாறு: பெங்களூரில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்டி லேசாகத் தடுமாறினாலே பலருடைய கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் பக்கவாட்டுத் திருகுக்குப் போகிறது. அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று திருப்புவார்கள். சத்தம் கொஞ்சம் மாறினால் சரியாகிவிட்டது என்று நம்புவார்கள். இரண்டு நாளில் அதே தடுமாற்றம் திரும்பி வரும். அப்போது அந்தத் திருகு முதலில் எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100, மாமா விட்டுப்போன யெஸ்டி, பழைய புல்லட், ஸ்ப்ளெண்டர் எல்லாம் இன்னும் தினமும் வேலைக்குப் போய் வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கெடவில்லை. தவறான இடத்தில் கைவைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. அதைக் கேட்டே பழகிய காதுள்ள மெக்கானிக்குகளும் ஊரில் குறைந்துவருகிறார்கள். வண்டி வைத்திருப்பவரே ஓரளவு கற்றுக்கொள்வதுதான் இனி வழி. இங்கே சொல்வது முக்கியமாக ஸ்லைடு வகைக் கார்புரேட்டர், அதாவது ஆக்சிலரேட்டர் கேபிள் தூக்கும் ஸ்லைடு காற்று வழியைத் திறந்து மூடும் வகை, உள்ள இருசக்கர வண்டிகளுக்கு. கார்களைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆக்சிலரேட்டரின் எந்தத் திறப்பில் தடுமாறுகிறது?

கார்புரேட்டரில் ஒரே வழியாகப் பெட்ரோல் போவதில்லை. ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போதும் லேசாகத் திறந்திருக்கும்போதும் பைலட் ஜெட் என்னும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு வழியாகப் போகிறது. கடைகளில் இதையே ஸ்லோ ஜெட் என்றும் கேட்கலாம். கால் பங்கு திறப்பை ஒட்டி, ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டப்பட்டிருக்கும் பகுதி கலவையைத் தீர்மானிக்கிறது. கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியின் ஆட்சி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும் என்றாலும் இந்தப் பங்கீடு நம்பத்தக்கது.

எனவே "வண்டி இழுக்கவில்லை" என்பது போதுமான தகவல் அல்ல. ஆக்சிலரேட்டர் கைப்பிடியிலும் அதை ஒட்டிய நிலையான உறையிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுங்கள். மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுத் திறப்பு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, எந்தக் கோட்டுக்கு எதிரே கோளாறு வந்தது என்று எழுதிவையுங்கள். கியரையோ வேகத்தையோ எழுத வேண்டாம், திறப்புதான் முக்கியம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாத நிலையில், நின்றுபோய், அரைத் திறப்பில் நன்றாக ஓடும் வண்டியில் மெயின் ஜெட்டைத் தொட எந்தக் காரணமும் இல்லை. ஒரு மணி நேர வேலையை இந்த ஒரு டேப் துண்டு மிச்சப்படுத்தும்.

அடுத்து, கலவை ரிச்சா லீனா என்று பார்க்க வேண்டும். ரிச் என்றால் காற்றுக்குப் பெட்ரோல் அதிகம், லீன் என்றால் குறைவு. எளிய சோதனை, குளிரில் கிளப்புவதற்காகக் கலவையை ரிச்சாக்கும் சோக்தான். சூடான எஞ்சின் தடுமாறும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுங்கள். தடுமாற்றம் குறைந்தால் கலவை லீன், மோசமானால் ரிச். குறைந்த திறப்பில் இந்தச் சோதனை தெளிவாகப் பேசும், முழுத் திறப்பில் அவ்வளவு நம்பகமில்லை. ரிச்சான டூ ஸ்ட்ரோக் எஞ்சின் (ஆர்எக்ஸ் 100, யெஸ்டி போன்றவை) ஒன்றுவிட்டு ஒரு முறைதான் எரியும். சத்தம் பிளந்து படபடக்கும். லீனான எஞ்சின் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் சில நொடிகள் அதே உயரத்தில் நிற்கும். அளவுக்கு மீறிச் சூடேறும்.

இரண்டாம் படி: கார்புரேட்டர்தான் காரணமா?

என் அனுபவத்தில் கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கார்புரேட்டருக்கு வெளியே இருக்கிறது. ஆகவே கழற்றும் முன் கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

பெட்ரோல் வரத்து: கார்புரேட்டர் பக்கத்தில் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். டாங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் திறப்புக் குமிழைத் திறந்தால் தடையில்லாமல் ஒழுக வேண்டும். முதலில் நன்றாக வந்து, பிறகு மெலிந்து நின்றுவிட்டால் டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கால் மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும் வண்டி, மூடியைத் திறந்தவுடன் காற்று உள்ளிழுக்கும் சத்தம், பிறகு மீண்டும் ஓட்டம் என்றால் அது இந்தக் கோளாறேதான். பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர்க் குமிழோ துருத்தூளோ தங்கினால் டாங்க்கைக் கழுவாமல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதில் பயனில்லை.

ஸ்பார்க் பிளக்: கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் ரிச், அல்லது பொறி பலவீனம். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. வெளுத்திருந்தால் லீன். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் பிளக் பொதுவாகவே பழையதைவிட வெளிறித் தெரிகிறது; நிறத்தை மட்டும் நம்பி ஜெட் மாற்றாதீர்கள். பிளக் மூடியும் வயரும் மழைக்காலத்தில் கசிந்து, கார்புரேட்டர் கோளாறுபோலவே நடிக்கும்.

ஏர் ஃபில்டர்: பெங்களூர் சாலைகளில் எப்போதும் ஏதோ ஒரு தோண்டல் நடக்கிறது. தூசி அடைத்த ஃபில்டர் எல்லாத் திறப்பிலும் வண்டியை ரிச்சாக்கும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தீர்வு அல்ல. அது எஞ்சினைத் தேய்ப்பதோடு கலவையையும் லீனாக்கும்.

இன்டேக் ரப்பர்: கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் இந்தப் பகுதிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பழைய வண்டிகளில் இது கல்லாக இறுகி, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். எஞ்சினின் வேகம் மாறினால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. சிலர் இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளிப்பார்கள். சூடான எஞ்சின்மேல் அதைச் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள சீல் போனாலும் இதே லீன் அறிகுறிகள் வரும். கியர்ப் பக்கத்துச் சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை கக்கும். இந்த இரண்டையும் எந்த ஜெட்டும் குணப்படுத்தாது.

ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது ஐடில் ஏறினால் கேபிள் இழுபடுகிறது.

இடையில் ஒரு முக்கியமான விஷயம்: நம் ஊரின் உயரமும் இன்றைய பெட்ரோலும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அதே ஜெட்டில் கலவை இங்கே நாலைந்து சதவீதம் ரிச்சாகிறது. சென்னையிலோ வேலூரிலோ நன்றாக ஓடிய வண்டி இங்கே வந்ததும் கொஞ்சம் மந்தமாகப் பிளக்கைக் கரியாக்குவது கோளாறு அல்ல, இயற்பியல்.

மறுபக்கம், இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதன் விற்பனை 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் அதுவே பரவலாகக் கிடைக்கிறது. சுத்தமான பெட்ரோல் எரிய அதன் எடையைப்போல 14.7 மடங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். கலவையில் எத்தனால் ஏற ஏற, பழைய ஜெட் தரும் அளவு போதாமல் வண்டி லீனாகிறது. பெங்களூரில் உயரம் ரிச்சாக்குவதையும் எத்தனால் லீனாக்குவதையும் சேர்த்துப் பார்த்தால், கம்பெனி ஜெட்டே பல வண்டிகளுக்கு ஓரளவு பொருந்திவிடுகிறது. இங்கே "இ20க்காக" என்று பெரிய ஜெட் போடச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் டேப் சோதனையும் சோக் சோதனையும் செய்யுங்கள்.

ஆனால் ஓசூர் ரோட்டில் கிளம்பி, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்கு இறங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. உயரத்தின் ஈடு வழியிலேயே கரைந்துபோகிறது, எத்தனால் லீனாக்குவது அப்படியே நிற்கிறது. முழுத் திறப்பில் நீண்ட நேரம் ஓடும் ஆர்எக்ஸ் 100 பிஸ்டன் பிடித்து நிற்பதற்கு இது தகுந்த சூழல். இறங்கும் பயணத்துக்கு மெயின் ஜெட் ஒரு எண் பெரிதாக இருப்பது நல்லது. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றுவதும் நடுத்திறப்புக்கு உதவும்.

எத்தனாலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது தண்ணீரை ஈர்க்கும். பழைய ரப்பரை ஊதவைக்கும், அல்லது இறுக்கிவிடும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டி என்றால் பெட்ரோல் திறப்புக் குமிழை மூடி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: கழற்றுவது

அடுக்குமாடி வீடுகளின் நிலத்தடி வண்டி நிறுத்துமிடத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு படிந்து ஏதோ ஒரு ஸ்விட்சுக்காகக் காத்திருக்கும். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ வாருங்கள். கண்ணாடி அணியுங்கள்.

ஜப்பானியக் கார்புரேட்டர்களிலும் அவற்றின் இந்தியப் பதிப்புகளிலும் உள்ள நட்சத்திரத் திருகுகள் ஜிஸ் என்னும் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் நழுவித் தலையை மழித்துவிடும். ஜிஸ் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிவைப்பது இந்த வேலையிலேயே சிறந்த முதலீடு. ஜெட்டுகளுக்கு, வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான தட்டை ஸ்க்ரூ டிரைவர். பித்தளை மிக மென்மையானது.

ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். பக்கவாட்டுத் திருகைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருப்பி, அடியில் தொட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதுங்கள். தொட்டவுடன் நிறுத்த வேண்டும். அழுத்தினால் கூம்பு முனையும் அதன் இருக்கையும் சேர்ந்து கெடும். இருக்கை கெட்டால் கார்புரேட்டரே போனது. ஊசியின் கிளிப் மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள்.

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறக்கும் முன், அதில் உள்ள பெட்ரோலை வடிகால் திருகு வழியாக ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் இறக்குங்கள். அங்கே தெரியும் தண்ணீர், பச்சைப் படிவு, துரு ஆகியவையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

நான்காம் படி: சுத்தம்

ஐடில் கோளாறுக்கு மிகப் பெரிய காரணம் பைலட் ஜெட் அடைப்பு. மயிரிழை அகலத் துளை அது. பெட்ரோல் காய்ந்து விடும் பிசின் போதும், மூடிக்கொள்ள. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஏதோ கொஞ்சம் வெளிச்சம் வருகிறது என்பது போதாது. எஃகுக் கம்பியால் ஒருபோதும் குத்தாதீர்கள்: துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் மேல் எழுதியிருக்கும் எண் பொய்யாகிவிடும், அதன்பின் எந்தக் கணக்கும் ஒட்டாது. நைலான் தூண்டில் நூலும் கார்புரேட்டர் கிளீனரும் போதும். பிசின் பிடிவாதமாக இருந்தால் ஓர் இரவு ஊறவிடுங்கள். ரப்பர் பாகங்களையெல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு கார்புரேட்டரின் உடம்பில் உள்ள வழிகளை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்லைடுக்கு அடியில், எஞ்சின் பக்கமாக, தரையில் சிறு துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். பைலட் வழி அங்கேதான் முடிகிறது. கிளீனரை ஒரு முனையில் அடித்தால் மறுமுனையில் இந்தத் துளை வழியாகப் பீறிட வேண்டும். பீறிடவில்லை என்றால் மறுபடியும் மறுபடியும் செய்யுங்கள். கடைசியில் காற்றால் ஊதுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாட்டிய கார்புரேட்டரை நான் சுத்தம் செய்யப்பட்டதாகவே கருத மாட்டேன்.

சோக்கின் அடி ரப்பரையும் பாருங்கள். ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் சோக் ஒரு சிறு பிஸ்டன். ரப்பர் தேய்ந்தால் மூடிய நிலையிலும் பெட்ரோல் கசிந்து வண்டி எப்போதும் ரிச்சாகவே ஓடும். இந்த வகைச் சோக் உள்ள வண்டியைக் குளிரில் உதைக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திருகக் கூடாது. ஸ்லைடு மூடியிருந்தால்தான் சோக் வழியில் உறிஞ்சும் சக்தி கிடைக்கும். மார்கழி விடியலில் பத்து முறை உதைப்பவர்கள் பலர் இதைச் சரிசெய்தால் இரண்டாம் உதையில் கிளப்பிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: ஃப்ளோட்

ஃப்ளோட் என்பது அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை; மட்டம் ஏறினால் ஃப்ளோட் ஊசியை அழுத்திப் பெட்ரோல் வரத்தை அடைக்கும். வண்டி நிற்கும்போது பெட்ரோல் வழிந்தால் இந்த ஊசியைப் பாருங்கள். அதன் கூம்பில் வளையமாகத் தேய்மானக் கோடு விழுந்திருந்தால் மாற்ற வேண்டும், தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்ரோல் குழாய் முனையில் வாயால் மெல்ல ஊதினால் காற்று போகக் கூடாது. நிமிர்த்தினால் போக வேண்டும்.

மட்டம் சரிதானா என்று பார்க்க, வடிகால் முனையில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டிக் கிண்ணத்தின் பக்கமாக மேலே பிடித்து, வடிகாலையும் பெட்ரோல் திறப்புக் குமிழையும் திறந்துவிடுங்கள். குழாயில் நிற்கும் மட்டம் கிண்ணத்தின் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மட்டம் தவறினால் எல்லாத் திறப்பிலும் கலவை தவறும். ஆகவே எந்த ஜெட்டை மாற்றுவதற்கு முன்பும் இது சரியாக இருந்தாக வேண்டும்.

ஆறாம் படி: மாட்டுவதும் டியூன் செய்வதும்

ஸ்லைடின் வெட்டப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். அதன் பள்ளம் உள்ளே இருக்கும் முனையில் பொருந்த வேண்டும். மாற்றிப் போட்டால் கிளம்பியவுடன் எஞ்சின் கத்தும். மூடியை இறுக்கும் முன் ஆக்சிலரேட்டரைத் திருகிவிட்டு, ஸ்லைடு 'டக்' என்று கீழே விழும் சத்தத்தைக் கேளுங்கள்.

பக்கவாட்டுத் திருகுதான் கலவைத் திருகு. அது ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருப்பினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருப்பினால் லீன். இதைக் குழப்பிக்கொண்டால் எல்லாமே தலைகீழாகும்.

எஞ்சின் முழுதாகச் சூடான பிறகே டியூன் செய்ய வேண்டும். குறைந்தது பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். கலவைத் திருகை அடியிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்குங்கள். ஐடிலைக் கொஞ்சம் ஏற்றிவைத்துக்கொண்டு, கலவைத் திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுத்து, எஞ்சின் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைத் தேடுங்கள். பிறகு ஐடிலைக் குறையுங்கள். மறுபடி உச்சம் தேடுங்கள். உச்சம் மூன்று சுற்றுக்கு மேல் வெளியே அல்லது அரைச் சுற்றுக்குள் கிடைத்தால் பைலட் ஜெட் எண் பொருந்தவில்லை, அல்லது எங்கோ இன்னும் அடைப்போ கசிவோ இருக்கிறது.

எமிஷன் டெஸ்ட் மையம் உங்களுக்குக் கிடைக்கும் மலிவான அளவுகருவி. அங்கே கார்பன் மோனாக்சைடு ஐடிலில்தான் அளக்கப்படுகிறது. அதாவது உங்கள் பைலட் வழியின் மதிப்பெண் அது. 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு வரம்பு 4.5 சதவீதம், அதன் பிறகான பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்குப் பொதுவாக 3.5 சதவீதம். தேறியதா என்று மட்டும் கேட்காமல் எண்ணைக் குறித்துவாருங்கள்.

மெயின் ஜெட்டை மாற்றும்போது ஒரு எண்ணைத் தாண்டக் கூடாது. ஒரு கம்பெனியின் ஜெட் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. சிலர் துளையின் விட்டத்தை எழுதுகிறார்கள், சிலர் பெட்ரோல் போகும் அளவை எழுதுகிறார்கள். எப்போதும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஓட்டிப் பார்த்து, எழுதிவிட்டு, அடுத்தது.

வேறு வகைகள்

பல்சரின் பிந்தைய மாடல்களிலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள யூசிஇ புல்லட்டிலும் ஸ்லைடைக் கேபிள் தூக்குவதில்லை. எஞ்சினின் உறிஞ்சலால் ஒரு மெல்லிய ரப்பர் டயஃப்ராம் தூக்குகிறது. ஐடில் நன்றாக இருந்து, பாதிக்கு மேல் வேகமே ஏறவில்லை என்றால் அந்த ரப்பரை வெளிச்சத்தில் விரித்துக் கிழிசல் தேடுங்கள்.

மாருதி 800, பத்மினி போன்ற கார்களில் ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தொண்டைக்குள் பெட்ரோல் நூலாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் சிக்னலில் கிளம்பும்போது வரும் அந்தத் திணறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஐடிலில் மட்டும் நிற்கும் கார்களில், சாவியைத் திருப்பும்போது கார்புரேட்டரில் உள்ள சோலினாய்டு என்னும் மின்வால்வு 'டிக்' என்கிறதா என்று கேளுங்கள்.

மாற்றுவது எப்போது?

ஸ்லைடைப் பாதி தூக்கி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் உடம்பு தேய்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் நுழையும் காற்றை எந்த டியூனிங்கும் அடக்காது. ஜே.சி. ரோட்டுக் கடைகளில் புதியது கேட்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போய், உடம்பில் உள்ள எண்ணையும் ஸ்லைடின் வெட்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் மலிவான நகல்களில் ஊசியின் கூம்பு வேறாக இருக்கும். நடுத்திறப்பில் கடைசிவரை சரியாகாது. சிவாஜிநகரின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் தேயாத அசல் உடம்பை வாங்கி, உங்கள் ஜெட்டுகளையும் புதிய ஃப்ளோட் ஊசியையும் காஸ்கெட்டுகளையும் போட்டுக்கொள்வது பல நேரம் புதிய நகலைவிட மேல். வாங்கும் முன் கலவைத் திருகைக் கழற்றி, அதன் முனை கூராகவும் வளையமில்லாமலும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.